வேலையை விடாதீர்கள், டேபிளை விடுங்கள்

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான்கு வருடமாக பேஸ்டிங் (பசை ஒட்டும்) செக்‌ஷனில் வேலை செய்கிறேன். வயது 26. இப்போது 9 வாரக் கர்ப்பம். போன வருடம் 10ஆவது வாரத்தில் ஒரு முறை கலைந்துவிட்டது. அப்போது நான்கு நாள் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனேன். தினமும் மதியத்துக்கு மேல் தலைவலி, தலைசுற்றல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. சொல்யூஷன் வாசனை குழந்தையைப் பாதிக்குமா? போன முறை கலைந்ததற்கும் அதுதான் காரணமா? சூப்பர்வைசரிடம் சொன்னால், "முடியலைன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, டெலிவரி ஆனப்புறம் வந்து சேர்ந்துக்கலாம்" என்கிறார். மாமியாரும் வேலையை விடச் சொல்கிறார். கடன் இருக்கிறது. பக்கத்து டேபிளில் புதிதாகக் கல்யாணமான தோழி ஒருத்தி இருக்கிறாள், அவளும் பயப்படுகிறாள். என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளைத் தாளாக இருந்தாலும் சரி, அச்சடித்த படிவமாக இருந்தாலும் சரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, "ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை" என்பது. கர்ப்பத்தால் வரும் தலைசுற்றலுக்கு ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது. காலையில் நன்றாக வந்து உட்கார்ந்து, மதியத்துக்கு மேல் தலை கனத்து, லீவு நாளில் காணாமல் போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அந்த டேபிளில்தான் இருக்கிறது. ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் கட்டாயம் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தாலும் தலை சுற்றும். ஆனால் அதைச் சாக்காக வைத்து "சத்து மாத்திரை சாப்பிடு, சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் சொல்யூஷன் என்று சொல்லும் அந்தப் பசையில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒட்டுவது பிசின். அந்தப் பிசினைப் பிரஷ்ஷில் எடுக்கிற மாதிரி இளக்கமாக வைத்திருப்பது கரைப்பான். ஷூ கம்பெனிகளில் வரும் பசைகளில் டொலுவீன், ஹெக்ஸேன், எத்தில் அசிடேட், எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) போன்றவை கரைப்பானாக இருக்கும், பிராண்டுக்குப் பிராண்டு கலவை மாறும். அப்பரில் (ஷூவின் மேல்பாகத்தில்) தடவிவிட்டு "காயட்டும்" என்று வைக்கிறீர்களே, அப்போது கரைப்பான் ஆவியாகி வெளியேறுகிறது. உங்கள் மூக்குக்கு ஓர் அடி முன்னால்தான் அது வெளியேறுகிறது. மூச்சு வழியாக ரத்தத்துக்குப் போய், நஞ்சுக்கொடியையும் தாண்டிக் குழந்தையிடம் போய்ச் சேரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூக்கைத் துளைத்த வாசனை இப்போது தெரிவதில்லை அல்லவா? காற்று சுத்தமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, மூக்கு பழகிவிட்டது. எனவே "வாசனையே வரலையே" என்று எச்.ஆர். சொன்னால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, குழந்தையைப் பாதிக்குமா? ஆம், பாதிக்கக் கூடும். ஆனால் எவ்வளவு மூச்சில் போகிறது என்பதைப் பொறுத்தது.

உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான ஓர் ஆய்வு சிங்கப்பூரில் நடந்தது. ஒலிபெருக்கி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பசை ஒட்டும் பெண்களைப் பார்த்தார்கள். அவர்கள் சுவாசித்த காற்றில் டொலுவீன் சராசரியாக 88 பி.பி.எம். இருந்தது. பி.பி.எம். என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு. இந்தப் பெண்களில் 100 கர்ப்பத்துக்கு 12.4 என்ற விகிதத்தில் கரு கலைந்திருந்தது. அதே தொழிற்சாலையில் பசையோடு அதிகம் புழங்காத பெண்களிடம் அது 2.9 மட்டுமே. 1992இல் வெளியான ஆய்வு இது. நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை 8 மணி நேர வேலைக்கு டொலுவீனை 100 பி.பி.எம். வரை அனுமதித்தது. அதாவது அந்தப் பெண்களுக்குக் கரு கலைந்த அளவு நம் ஊர்க் கணக்கில் "லிமிட்டுக்குள்தான்". அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர்கள் பரிந்துரைக்கும் அளவு 2007 முதல் 20 பி.பி.எம்., அதைக் குறைத்ததற்கான காரணங்களில் கருச்சிதைவும் ஒன்று. ஆகவே "எங்க ரிப்போர்ட் எல்லாம் லிமிட்டுக்குள்ள இருக்கு" என்று யாராவது காகிதத்தைக் காட்டினால், எந்த லிமிட் என்று கேளுங்கள்.

இன்னொன்று கனடாவின் டொரொன்டோவில் நடந்து 1999இல் வெளியானது. வேலையிடத்தில் பலவகைக் கரைப்பான்களோடு புழங்கிய 125 கர்ப்பிணிகளையும், அப்படிப் புழங்காத 125 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவில் 13 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருந்தது, மற்றதில் ஒரு குழந்தைக்கு. நான் கவனிக்கச் சொல்வது அடுத்த விவரத்தை. முதல் குழுவிலேயே, வேலை செய்யும்போது கரைப்பானால் உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உணர்ந்தவர்கள் 75 பேர், அவர்களில் 12 குழந்தைகளுக்குக் குறை இருந்தது. எந்தத் தொந்தரவும் உணராத 43 பேரில் ஒருவருக்கும் இல்லை. சிறிய ஆய்வுதான், அதை வைத்து உங்கள் குழந்தைக்கு ஜாதகம் எழுத முடியாது. அந்த 75 பேரிலும் 63 பேரின் குழந்தைகளுக்குப் பெரிய குறை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். ஆனாலும் உங்கள் மதியத் தலைவலியை நான் ஏன் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். தலைவலி வரும் அளவுக்கு ஆவி உள்ளே போகிறது என்பதற்கு உங்கள் உடம்பே ரிப்போர்ட் கொடுக்கிறது.

போன முறை கலைந்ததற்கு இதுதான் காரணமா என்று கேட்கிறீர்கள். உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. உறுதியான கர்ப்பங்களிலேயே 100க்கு 10 முதல் 15 வரை கலைகின்றன, அவற்றில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறு, அதற்கு யாரும் பொறுப்பில்லை. உங்களுடையது அந்தக் கணக்கில் வந்திருக்கலாம், பசைக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். நீங்கள் படி ஏறியதோ, பப்பாளி சாப்பிட்டதோ காரணமில்லை. ஒரு முறை கலைந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே போகிறது.

இப்போது 9 வாரம் என்கிறீர்கள். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 5ஆவது வாரத்திலிருந்து 10ஆவது வாரத்துக்குள்தான் இதயம், கை கால், முகம் எல்லாம் உருவாகின்றன. அந்தக் கட்டத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறீர்கள். "அப்படியானால் ஆனது ஆகிவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள். மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது, எடை கூடுவது பிற்பாதியில்தான். டொலுவீன் விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அது உடம்பில் தங்கிக் கிடப்பதில்லை, விலகிய ஓரிரு நாளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். (பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஆறுதல் கிடையாது. ஈயம் எலும்பில் வருடக்கணக்கில் தங்கி, கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்குத் திரும்பி வரும்.) எனவே இன்றைக்கு விலகினால் இந்த வாரமே பலன் உண்டு.

விலகுவது என்றால் டேபிளை விட்டு. கம்பெனியை விட்டு அல்ல.

இங்கே நம் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ, நெடுநேரம் நிற்கும் வேலையோ, கருவைப் பாதிக்கக்கூடிய வேலையோ தரக்கூடாது என்றது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே விதிதான். ஆனால் அது பொருந்துவது பிரசவத்துக்கு முந்தைய பத்து வாரம் போல. வயிறு தெரிந்த பிறகுதான் சட்டத்துக்குக் கண் தெரிகிறது. ரசாயன ஆவியால் ஆபத்து அதிகமான முதல் மூன்று மாதத்துக்கு அந்த விதி கைகொடுக்காது. அதனால் உங்கள் கோரிக்கை மருத்துவச் சான்றின் மீது நிற்க வேண்டும்.

இன்னொரு பிடியும் உங்களிடம் இருக்கிறது. ஆம்பூர் ஷூக்கள் அதிகம் போவது ஐரோப்பாவுக்கு. அங்கே 1992 முதல் இருக்கும் ஐரோப்பியச் சட்ட நெறி, கர்ப்பிணி தொழிலாளிக்கு என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. முதலில் வேலையிடத்தின் நிலைமையை மாற்ற வேண்டும், அது முடியாவிட்டால் வேறு வேலை தர வேண்டும், அதுவும் முடியாவிட்டால் வருமானப் பாதுகாப்போடு விடுப்பு. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் வேலையிடத்தைச் சோதிக்க ஷூ வாங்கும் கம்பெனியின் ஆடிட்டர் வரும் நாளில் லைன் முழுக்க மாஸ்க்கும் கையுறையும் வருகின்றன என்பது உங்களுக்கே தெரியும். கர்ப்பிணியை எழுதிக் கொடுக்கச் சொன்ன சேதி அந்த ஆடிட்டர் காதில் விழுவதை எந்த மேனேஜரும் விரும்பமாட்டார். மிரட்டச் சொல்லவில்லை. எச்.ஆரிடம் பேசும்போது உங்கள் மனதில் இருக்கட்டும்.

முதல் வேலையாக ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ நீங்கள் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடமோ போங்கள். போவதற்கு முன்பு உங்கள் டேபிளில் இருக்கும் பசை டப்பா, பிரைமர், தின்னர் கேன் எல்லாவற்றின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போன் உள்ளே விடமாட்டார்கள் என்றால் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நம் மருத்துவர்கள் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்பது குறைவு, கேட்டாலும் "கம்பெனி" என்ற பதிலோடு நிறுத்திவிடுவார்கள். நீங்களாகவே சொல்லுங்கள்: எட்டு மணி நேரம் பசைக்கு முன்னால் உட்காருகிறேன், மதியம் தலை சுற்றுகிறது, ஞாயிறு இல்லை, முன்பு ஒரு முறை கலைந்திருக்கிறது. "கரைப்பான் ஆவி இல்லாத இடத்தில் வேலை தரவும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அதோடு எச்.ஆருக்கு இப்படி ஒரு கடிதம்:

"நான் பேஸ்டிங் பிரிவில் பணிபுரிகிறேன். தற்போது 9 வாரக் கர்ப்பமாக உள்ளேன். முன்பு ஒரு முறை கருச்சிதைவு ஏற்பட்டுள்ளது. பிரசவ விடுப்பு வரை, சம்பளமும் பணித்தொடர்ச்சியும் மாறாமல், கரைப்பான் ஆவி இல்லாத பிரிவுக்கு என்னை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் சான்று இணைத்துள்ளேன். எங்கள் பிரிவில் பயன்படுத்தும் பசை, பிரைமர், தின்னர் ஆகியவற்றின் பாதுகாப்புத் தகவல் தாள்களின் நகலும் தேவை."

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடைசி வரியை விட்டுவிட வேண்டாம், தன் உடல்நலம் சம்பந்தப்பட்ட தகவலைக் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

எந்தப் பிரிவு என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். கட்டிங், ஸ்டிச்சிங், நூல் வெட்டுவது, அப்பர் செக்கிங் எல்லாம் பரவாயில்லை. "ஃபினிஷிங் போம்மா, லைட் வேலை" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், ஸ்ப்ரே அடிப்பதும் கறை துடைப்பதும் அங்கேதான். பேக்கிங்கிலும் சில இடங்களில் பசைக் கறையைத் துடைக்கும் டேபிள் ஓரமாக இருக்கும். அங்கே உட்கார்ந்தால் மாறிய பலன் இல்லை, அட்டைப்பெட்டி தூக்கும் வேலையும் கூட வந்து சேரும்.

மாற்றித் தரும் வரை சில நாள் அந்த டேபிளில் இருக்க வேண்டியிருந்தால் செய்யக்கூடியவை இருக்கின்றன. பசை டப்பாவை மூடியே வையுங்கள், பிரஷ் நுழையும் அளவு வாய் போதும். டொலுவீன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே சுவரில் உயரத்தில் சுற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதை அவ்வளவாக இழுக்காது, சீலிங் ஃபேன் கலக்கிவிட மட்டும் செய்யும். உறிஞ்சும் குழாய் டேபிள் மட்டத்திலேயே இருக்க வேண்டும், உங்கள் முகத்திலிருந்து எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். உங்கள் டேபிளில் அப்படி ஒன்று இருந்தால், டிஷ்யூ பேப்பரில் ஒரு கீற்றுக் கிழித்து அதன் வாய்க்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்பக்கமாகச் சாய்ந்தால் இழுக்கிறது. தொங்கிக்கொண்டிருந்தால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது.

துணி மாஸ்க்கும் நீல நிற மெடிக்கல் மாஸ்க்கும் ஆவிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆவியைத் தடுப்பது கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மூச்சிழுப்பதே சிரமம், கர்ப்பிணிக்கு நாள் முழுக்க அதை மாட்டிவிடுவது தீர்வாகாது.

கை விஷயம் இன்னும் முக்கியம். ஷிஃப்ட் முடிந்ததும் தின்னரில் பஞ்சை நனைத்து விரலெல்லாம் துடைத்துவிட்டு, அதே கையோடு டிபன் பாக்ஸைத் திறக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படியானால் இன்றோடு நிறுத்துங்கள். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, துணியில் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் பசை போய்விடும், நேரம்தான் கொஞ்சம் அதிகம். சாப்பாட்டையும் தண்ணீர் பாட்டிலையும் டேபிளுக்கு அடியில் வைக்காதீர்கள். வெளியே போய்க் காற்றாடச் சாப்பிடுங்கள்.

பாத்ரூம் போக டோக்கன் கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனால் பல லைன்களில் நடப்பது. கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று வந்தால் குறைமாதப் பிரசவம் வரை இழுத்துவிடும். டார்கெட் குறைந்தாலும் பரவாயில்லை, குடியுங்கள், போங்கள்.

பரிசோதனைகளில் 11 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனும், 18 முதல் 20 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனும் தவறவே கூடாது. ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடருங்கள், ஆனால் அது பசை ஆவிக்கு முறிவு மருந்து அல்ல. கை கால் விரல் நுனிகளில் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், ஹெக்ஸேன் நரம்பைத் தாக்கும். ரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, மயக்கம் எது வந்தாலும் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இனி பண விஷயம். மாமியார் சொல்வது அக்கறையில்தான். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறதென்றால், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) சேர்த்து 70 நாள் சந்தா இருந்தாலே உங்களுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு, சராசரிச் சம்பளம் முழுவதும் உண்டு. பிரசவத்துக்கு முன்பே அதில் 8 வாரம் எடுக்கலாம். கர்ப்பத்தால் உடம்பு முடியாமல் போனால் மேலும் ஒரு மாதம். கர்ப்பத்தின்போது கம்பெனி உங்களை வேலையிலிருந்து எடுத்தாலும் பேறுகாலப் பலனைப் பறிக்க முடியாது என்கிறது சட்டம். ஆனால் நீங்களாகவே "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பைக் கேட்க வாய் இருக்காது, நான்கு வருட சர்வீஸும் போய்விடும். அதுதான் நான் முதலில் சொன்ன கையெழுத்து விஷயம். "டெலிவரி ஆனப்புறம் சேர்ந்துக்கலாம்" என்பது வாய்ப்பேச்சு, சேரும்போது புது ஆள் சம்பளம்தான்.

போன வருடம் நான்கு நாள் சம்பளமில்லாத லீவு போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பதை அன்றைக்கு யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. மருத்துவமனைச் சீட்டு இருந்தால் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இப்போதும் கேட்டுப் பாருங்கள்.

கடிதம் கொடுத்து ஒரு வாரம் ஆகியும் இடம் மாற்றவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு, கடிதத்தின் நகலோடு புகார் எழுதுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்குள் தலைசுற்றல் தாங்கவில்லை என்றால் ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் நோய் விடுப்புச் சான்று கேளுங்கள், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலை கையில் இருக்கும், ஆவியிலிருந்து விலகியும் இருப்பீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் 12 வாரத்துக்குள் செய்துவிடுங்கள், முத்துலட்சுமி ரெட்டி திட்ட உதவிக்கு அந்தப் பதிவு தேவை.

உங்கள் தோழிக்கு: குழந்தை வேண்டும் என்று முடிவு செய்திருந்தால் நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பம் என்று தெரியவே ஐந்தாறு வாரம் ஆகிவிடும், உறுப்புகள் உருவாகத் தொடங்கும் நேரமும் அதுதான். ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கட்டும், டேபிள் மாற்றமும் இப்போதே கேட்கட்டும். இரண்டு பேராகக் கேட்டால் எச்.ஆருக்கு மறுப்பது கொஞ்சம் கஷ்டம். அந்த லைனில் தண்ணீரில் கரையும் பசை கொண்டுவர முடியுமா என்றும் இருவரும் சேர்ந்தே கேளுங்கள். எல்லா ஒட்டு வேலைக்கும் அது சரிவராது, காயவும் நேரம் கூடுதலாகும். ஆனால் அப்பர் லைனிங் ஒட்டுவது மாதிரியான வேலைகளுக்குப் பல கம்பெனிகள் ஏற்கெனவே மாறிவிட்டன.